மேற்பாறையில் ஆள் இல்லை

2-10-1955, ஞாயிறு. கொட்டகலை.

காளியப்பன் மகன் சோமசுந்தரமாகிய நான், வயது ஐம்பது, ஹட்டனில் பிறக்டர் ஒருவரின், அதாவது வழக்கறிஞரின், காரியாலயத்தில் நெடுங்காலம் லிகிதராக இருந்து விலகியவன், இன்று முதல் இக்குறிப்பை எழுதத் தொடங்குகிறேன். சென்ற ஞாயிறு நஜீம் நானாவின் கடை மாடியில் ஆரம்பிக்கப்பட்ட மீன்பிடி உதவியாளர் சங்கத்தின் கௌரவ காரியதரிசியாக என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். நடப்பவற்றை நடந்த அன்றே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைப்பதே என் நோக்கம். நியாயம் தம் பக்கம் இருந்தும் விசாரணையில் தோற்றவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். எது முன்பு நடந்தது, எது பின்பு நடந்தது என்று சொல்லத் தெரியாமலே அவர்கள் தோற்றார்கள்.

மூன்றாமவர் ஒருவர் இதை வாசிக்க நேரலாம். ஆகையால் தொழிலையும் விளக்கிவிடுகிறேன். இங்குள்ள ஓயா என்னும் ஆற்றில் வெள்ளைக்காரர் முன்பு கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் உண்டு. தோட்டத்துத் துரைமாரும் கொழும்புக் கனவான்களும் மீன் கிளப்புக்குப் பணம் கட்டி ஒரு நாளைக்கு ஆற்றையும் ஆளையும் வாடகைக்கு எடுத்துத் தூண்டில் போடுவார்கள். துரை ஒவ்வொருவருக்கும் ஒரு வலையாள். அவன் துரையோடு இடுப்பளவு நீரில் நின்று, சிக்கிய மீனைக் கைவலையில் ஏந்துவான். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மேலாள். ஆறு திரும்பும் இடத்தில் உள்ள மேற்பாறையில் நின்று, வரும் நீரைப் பார்த்திருப்பதே அவன் வேலை. மேல்தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்கு மின்சாரம் எடுப்பதற்காக ஓயாவின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. அங்கே மழை கொட்டி அணை நிரம்பினால் கதவைத் திறந்துவிடுவார்கள். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து இறங்கும். மேலாள் வெள்ளைத் துணியை உயர்த்தினால் எல்லோரும் கரையேற வேண்டும். அவன் கூவக் கூடாது. சத்தம் கேட்டால் மீன் ஓடிவிடும் என்பது கிளப்பின் கட்டளை. அந்தப் பழக்கத்தால் இவர்கள் கூட்டத்தில்கூட ஆற்றங்கரையில் பேசுவதுபோலத்தான் பேசுகிறார்கள்.

செப்டெம்பர் முடிவோடு கிளப்பு மேலாளை நீக்கிவிட்டது. பல ஆண்டுகள் பாறையில் நின்ற வீரய்யாவை வலையாளாக மாற்றிவிட்டார்கள். சங்கத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று: மேற்பாறையில் மீண்டும் ஆள் நிற்க வேண்டும்.

சங்கத்தின் விதிகளை நானே வரைந்தேன். ஒன்பதாம் விதி: வேலைநிறுத்தக் காலத்தில் எந்த அங்கத்தவரும், கூலி பெற்றோ பெறாமலோ, கிளப்புக்குப் பயன்படும் எந்த வேலையும் செய்யலாகாது. ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

5-10-1955, புதன்.

கிளப்பு மானேஜர் ஹார்வி துரையிடம் கோரிக்கையைக் கையளித்தேன். நிற்க வைத்துப் பேசவில்லை, நாற்காலி தந்தார். அதைக் குறிப்பிட வேண்டும்.

"இத்தனை வருடத்தில் இந்த ஆற்றில் எவராவது மாண்டதுண்டா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பிறகு எதற்கு நீரைப் பார்க்க ஓர் ஆள்?"

"அவன் பார்த்துக்கொண்டிருந்தபடியால்தான் எவரும் மாளவில்லை."

அவர் சிரித்தார். அதை எப்படி நிரூபிப்பீர் என்றார். நடவாத ஒன்றுக்குச் சாட்சி கொண்டுவருவது எங்ஙனம்?

7-10-1955.

மத்தியானம் தவறாமல் மேலே மழை. இங்கு ஒரு துளியும் இல்லை.

9-10-1955, ஞாயிறு.

கூட்டம். நஜீம் நானா வெங்காய மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்து தந்தார். "குந்துங்க, குந்துங்க. ஆனா ஒரு விசயம், துரையத் திட்டுறதுன்னா மெதுவாத் திட்டுங்க, கீழ துரையோட சமையல் அப்புதான் கருவாடு வாங்கிட்டு நிக்கிறாரு" என்றார். எல்லோரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

நாளை முதல் எவரும் நீரில் இறங்குவதில்லை எனத் தீர்மானம். வலையாள் மூக்கன் எழுந்து, "துரையே புடிச்சி துரையே வலையில போட்டுக்கிடட்டும். மீனு சிரிச்சே செத்துப்போகும்" என்றான்.

"மீன் எப்படிச் செத்தா ஒனக்கென்ன, நீ அதத் தின்னப்போறியா?" என்றார் ஒருவர்.

"அது என்ன ருசின்னு யாருக்குத் தெரியும்? கவுச்சி மட்டுந்தான் நம்ம பங்கு. எம் பொஞ்சாதிகிட்ட கேளு, பக்கத்துல படுக்க விட மாட்டேங்கிறா."

வீரய்யா மட்டும் சிரிக்கவில்லை. கடைசியாக ஒன்று கேட்டார். "கிளாக்கரய்யா, நம்ம எறங்கலன்னா வேற ஆள எறக்குவாங்களே, அப்ப?"

வேறு ஆள் கிடைக்காது என்றேன். அது கணிப்பு, அறிந்து சொன்னதன்று.

12-10-1955, புதன்.

வேறு ஆள் கிடைத்துவிட்டார்கள். பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து நால்வரைக் கிளப்பு லொறியில் கொண்டுவந்து, தன் பங்களாவின் பின்னாலுள்ள பழைய லயத்தில், வரிசைக் குடியிருப்பில், தங்க வைத்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பதிவில் பெயர் இல்லாதவர்கள், கிடைத்த வேலைக்குப் போகிறவர்கள். மூத்தவன் செல்லசாமி, முப்பது வயதிருக்கும். அவனோடு அவன் மைத்துனன் சிவசாமி.

கடைவீதியில் மூக்கன் அவர்களை மறித்துக்கொண்டான். நான் நஜீம் நானாவின் கடையில் நின்று கேட்டேன்.

"ஏம்ப்பா, ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"கெணத்துல தெரியும்ணே."

"ஆத்துல?"

"ஆத்துல மீனுக்குத் தெரிஞ்சாப் போதும்னு துரை சொன்னாரு" என்றான் செல்லசாமி. மூக்கனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நினைவு வந்தவனாக முகத்தை இறுக்கிக்கொண்டு, "எங்க வயித்துல அடிக்க வந்துட்டு நக்கலப் பாரு" என்றான்.

"தீவாளிக்குப் புள்ளைகளுக்குத் துணி எடுக்கணும்ணே. நீங்க ஒங்க சண்டயப் போடுங்க. நாங்க குறுக்க நிக்கல."

குறுக்கேதான் நிற்கிறார்கள். ஆனால் அவன் சொன்ன விதத்தில் பகை இல்லை.

16-10-1955, ஞாயிறு.

ஒழுங்கு மீறல் ஒன்று. வியாழன் முதல் வீரய்யா மேற்பாறையில் நிற்கிறாராம். புது ஆட்கள் நீரில் இறங்கினால் இவர் பாறையில் ஏறிவிடுகிறார். வெள்ளிக்கிழமை நீர் ஏறியபோது துணியை உயர்த்தியிருக்கிறார். எல்லோரும் கரையேறிப் பிழைத்தார்கள். மூக்கன் வந்து முறையிட்டான். வீரய்யாவை அழைத்துக் கேட்டேன்.

"வேல செய்யலீங்க. சும்மா பாத்துக்கிட்டு நின்னேன்."

"துணி கையில் இருந்ததா?"

"இருந்துச்சுங்க."

"உயர்த்தினீரா?"

"தண்ணி வந்துச்சுங்க."

"கிளப்பு இதற்குத்தான் சென்ற மாதம் வரை உமக்குக் கூலி தந்தது. அப்படியானால் இது வேலையா, இல்லையா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அவனுங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார்.

கேட்ட கேள்விக்கு அது பதிலன்று. ஆயினும் மேலே கேட்காமல் அவரை அனுப்பிவிட்டேன்.

17-10-1955, திங்கள்.

தபால் கந்தோர் வாசலில் ஹார்வி துரை காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். மிகுந்த மரியாதையோடு பேசினார். "உங்கள் ஆள் சம்பளமில்லாமலே பாறையில் நிற்கிறானே. நான் ஏன் அதற்குச் சம்பளம் தர வேண்டும்? நன்றி சொன்னேன் என்று சொல்லுங்கள்."

என் ஒன்பதாம் விதியின் நியாயத்தை இதைவிடத் தெளிவாக எவரும் எடுத்துச் சொல்ல முடியாது. பின்னேரமே அவசரக் கூட்டம் கூட்டினேன். துரை சொன்னதை அப்படியே சொன்னேன். மூக்கன் கொதித்தான். "நம்ம பட்டினி கெடக்கோம், இவரு போயி துரைக்கு ஓசியில காவல் காக்குறாரு!"

"துரைக்கு இல்லப்பா" என்றார் வீரய்யா.

"பின்ன யாருக்கு? நம்ம வேலயப் புடுங்க வந்தவனுக்கா?"

"ஆமா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு என்னிடம் திரும்பி, "துணி காட்டாம நின்னா சரிங்களாய்யா?" என்று கேட்டார்.

"நீர் வருவதைப் பார்த்தும் காட்டாமல் நிற்க உம்மால் முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்படியானால் நிற்கவே கூடாது. இது காரியதரிசியின் தீர்ப்பு."

எல்லோரும் கை உயர்த்தினார்கள். வீரய்யாவின் கை கடைசியாக உயர்ந்தது.

18-10-1955.

மேற்பாறையில் இன்று ஆள் இல்லை. விதி காக்கப்பட்டது.

19-10-1955, புதன்.

இன்றும் மேலே இடி. ஓயா கலங்கி ஓடியதாகச் சொன்னார்கள். ஆபத்து எதுவும் இல்லை. ஹார்வி துரை வாய் திறக்கவில்லை. நாம் பிடியை விடாதிருந்தால் இந்த வாரத்துக்குள் இறங்கி வருவார் என எண்ணுகிறேன்.

சாப்பிடும்போது நடந்ததையெல்லாம் மனைவி ஜெயலெட்சுமியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் சோற்றுச் சட்டியை மூடிவிட்டு, "அந்தப் பசங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"எதை?"

"மேல ஆள் நிக்காதுன்னு."

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் இந்த ஆற்றை அறிந்ததே வீரய்யாவின் துணியின் மூலம்தான். துணி உயர்ந்தால் ஏற வேண்டும், உயராவிட்டால் பயமில்லை என்று பழகிவிட்டார்கள். அவர் ஒருநாளும் நின்றிராவிட்டால் அவர்கள் பயந்து பயந்தாவது இறங்கியிருப்பார்கள். நாம் முதலில் நம்பிக்கையைக் கொடுத்தோம். பிறகு ஆளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நாளைக் காலை முதல் வேலை அறிவித்தல்.

20-10-1955, வியாழன்.

எழுதத்தான் வேண்டும்.

காலையிலேயே லயத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அறிவித்தலை முறைப்படி எழுதி, பிரதி எடுத்து, முதலில் கிளப்பிடம் கையளித்து ஒப்பம் பெற்றுக்கொண்டு, பிறகு ஆட்களிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஹார்வி துரை நுவரெலியா போயிருந்தார். பங்களா வராந்தாவில் காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன்? ஓர் ஒப்பத்துக்கு. நாலு பேரு தண்ணில நிக்கிறாங்க, நான் வராந்தாவுல ஒப்பத்துக்கு நிக்கிறேன்.

மதியம் சாய்ந்த பிறகே ஆற்றுக்கு நடந்தேன். கொட்டகலைப் பக்கம் நல்ல வெயில். மேல்தோட்டத்து மலையே தெரியவில்லை. அந்த இடத்தில் கறுப்பு மட்டும் இருந்தது. பாறையை நெருங்கும்போதே நீர் தேயிலைச் சாயத் தண்ணீர் நிறத்துக்கு மாறிவிட்டது. சுள்ளிகள் வந்தன. பிறகு ஒரு வாழைத்தார், காயோடு. பாறைமேல் ஏறினேன்.

கீழே இரண்டு துரைமாரும் நால்வரும். இருவர் வலை பிடித்திருந்தார்கள், இருவர் சாமான்களோடு கல்மேல் நின்றார்கள். எல்லோரும் ஆற்றுக்குள்தான். குடையை உயர்த்தி ஆட்டினேன். கறுப்புக் குடை. கூவினேன். நீரின் இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. செல்லசாமி நிமிர்ந்து பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி ஆட்டினான் — வணக்கம் சொல்வதுபோல. சிரித்தான் என்றே நினைக்கிறேன். அவனுக்கு வெள்ளைத் துணிதான் தெரியும். குடையோடு நிற்கும் ஓர் ஐயாவுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

என் தோளில் சால்வை கிடந்தது. வெள்ளைச் சால்வை. அவ்வளவு நேரமும் தோளிலேயே கிடந்தது. உருவி வீசினேன். உடனே ஓடினார்கள், உடனே. கேள்வி கேட்காமல், திரும்பிப் பார்க்காமல். அப்படிப் பழகியிருந்தார்கள்.

ஐந்து பேர் ஏறிவிட்டார்கள். செல்லசாமி தன் துரையைப் பின்னாலிருந்து தள்ளிக் கரைக் கல்லைப் பிடிக்க வைத்தான். அவனுடைய கைக்குக் கல் எட்டவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

21-10-1955.

பாலத்துக்குக் கீழே, மூங்கில் வேர்களுக்கிடையில் கண்டெடுத்தார்கள். தேடியவர்களில் எங்கள் அங்கத்தவர் அனைவரும் இருந்தார்கள். நீரில் இறங்கித் தூக்கி வந்தவன் மூக்கன்.

23-10-1955, ஞாயிறு.

நேற்று பூண்டுலோயாவில் அடக்கம். செல்லசாமியின் மனைவி நாகலெட்சுமி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

இன்று சிவசாமியும் மற்ற இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஜெயலெட்சுமி கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்தார்கள்.

"ஒரு விசயம் கேக்கணுங்க" என்றான் சிவசாமி. "மொதல்ல ஒரு ஆளு நின்னாரு. அப்பறம் இல்ல. ஆளு இல்லன்னா தண்ணி வராதுபோல, அதான் நிக்கலன்னு மச்சான் சொன்னாரு. அப்படித்தானுங்களா?"

"இல்லை. நான் நிற்க வேண்டாம் என்று சொன்னேன்."

அவன் கோபப்படுவான் என எதிர்பார்த்தேன். "எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க" என்றான். "நாங்க மேட்டுல நின்னு ஒங்களோட சேந்து கத்தியிருப்போம்."

மூவரும் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கணத்தில் அவர்கள் கேட்டிருந்தால் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அவர்கள் கேட்டது அங்கத்துவம்.

பின்னேரம், எனது பழைய எசமானின் மகனான இளம் பிறக்டர் வந்தார். செவ்வாய்க்கிழமை மரண விசாரணை. மேலாளைச் சங்கம் வேண்டுமென்றே விலக்கிப் புது ஆட்களை ஆபத்தில் விட்டது என்று ஹார்வி துரை பொலிஸில் சொல்லியிருக்கிறாராம். "நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றார் பிறக்டர். "கிளப்பின் ஏட்டில் மேலாள் என்ற பதவியே செப்டெம்பரோடு ஒழிந்துவிட்டது. இல்லாத ஆளைச் சங்கம் எப்படி விலக்க முடியும்? அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். ஒரு வரி போதும்."

அது சரியான வரி. நானே எழுதியிருக்கக்கூடிய வரி.

24-10-1955, திங்கள்.

கூட்டம். பிறக்டர் சொன்னதையும் நான் சொல்ல நினைப்பதையும் சேர்த்தே வைத்தேன். மூக்கன், "ஐயா, பிறக்டரு சொல்றதே சரிங்க. நீங்க உள்ளதச் சொன்னா ஒங்களப் புடிப்பாங்க, அப்பறம் எங்களையும் வெரட்டுவாங்க. செத்தவன் வரவா போறான்?" என்றான். செல்லசாமியைச் சுமந்து வந்த பிறகு அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் மனைவி சொல்கிறாள்.

அவனுக்கு என்னால் இயன்றவரை விளக்கினேன். பிறக்டரின் வரியைச் சொன்னால் நான் தப்பலாம். ஆனால் மேற்பாறையில் எவரும் நின்றதில்லை என்று நாமே சொன்னதாகிவிடும். எவரும் நிற்காத பாறைக்கு இனி எவரும் ஆள் கேட்க முடியாது. வீரய்யா நின்ற நாட்களில் வெள்ளம் வந்தும் ஆறு பேரும் வீடு திரும்பினார்கள். அவரை நான் இறக்கிய பிறகு ஒருவன் திரும்பவில்லை. இதைச் சொல்லத் துணிந்தால் மட்டுமே மேலாள் வேண்டும் என்ற கோரிக்கைக்கு உயிர் இருக்கும். அதற்காக நான் குற்றவாளியாக நிற்க வேண்டுமென்றால் நிற்பதுதான் முறை.

பிறகு வீரய்யா, சென்ற திங்கள் தீர்ப்புக்குப் பின் முதன்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "வியாழக்கெழம கொழும்பு ஆளுங்க வாராங்களாம். வட்டவளையில இருந்து புது ஆளு கூட்டியார நாளைக்கு மத்தியானம் லொறி போகுதாம். அவனுங்க எறங்குனா நான் மேல ஏறத்தாங்க செய்வேன். விதிய நீங்க பாத்துக்கங்க."

ஒன்பதாம் விதியின் கீழ் ஒரு வரி சேர்க்கப்பட்டது: ஆற்றில் நிற்பவர் எவராயினும், அவர் உயிரைக் காப்பதை இச்சங்கம் வேலையாகக் கொள்ளாது. வேலைநிறுத்தம் தொடரும், பாறையில் ஆளும் நிற்பார். ஓசிக் காவல் என்று ஹார்வி துரை சிரிக்கட்டும். முதலில் கை உயர்த்தியவன் மூக்கன்.

நாளைக் காலை விசாரணையில், அழைக்கப்படும் வரை காத்திராமல் எழுந்து நின்று, வீரய்யாவை இறக்கியது நான், அதைப் புது ஆட்களுக்குச் சொல்லாமல் விட்டதும் நான் என்று சொல்வேன். என்னை வெளியே விட்டால் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் வட்டவளைக்கு ரயிலேறுவேன். விடாவிட்டால் சிவசாமி போவான், அவனிடம் சொல்லியாகிவிட்டது. லொறி அங்கே போகுமுன் அங்குள்ள ஆட்களின் லயத்து வாசலில் எங்களில் ஒருவர் நிற்போம். அறிவித்தல் எதுவும் எழுதப்போவதில்லை. வாயால் சொல்வோம்.